துருத்தியில் கோத்த நீர்

நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நோயாளியின் வீட்டார் பதறிக் கேட்பது ஒன்றுதான்: ஊசி நுரையீரலில் குத்திவிட்டால்? அறியாமல் கேட்கிறார்கள் என்று அதைத் தள்ளிவிட முடியாது. இந்தச் சிகிச்சையின் 2,400 ஆண்டு வரலாறும் ஏறக்குறைய அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. நீர் கோப்பது நுரையீரலுக்குள்ளே அல்ல. நுரையீரலைப் போர்த்திய மெல்லிய சவ்வு ஒன்று, விலாக்கூட்டின் உட்புறத்தை ஒட்டிய சவ்வு இன்னொன்று. இரண்டும் உரசாமல் வழுக்கி நகர, இடையே சில தேக்கரண்டி நீர் எப்போதும் இருக்கும். காசநோயிலும் நிமோனியாவிலும் புற்றுநோயிலும் இதயம் தளர்ந்துபோகும்போதும் அது லிட்டர் கணக்கில் பெருகி நுரையீரலை நசுக்கும். நிமோனியாவை அடுத்து வருவது சில சமயம் சீழாகவே மாறிவிடும். விலா இடுக்கில் துளையிட்டு அதை வெளியேற்ற மனிதனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. துளையிட்ட பிறகு நோயாளி பிழைக்க வேண்டுமென்றால் வேறு சில சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும்: நீர் சரியாக எந்த இடத்தில் நிற்கிறது, அதை எவ்வளவு வேகமாக இறக்கலாம், இறக்கும்போது அந்த இடத்துக்குள் காற்று புகுமா. கத்தி கூர்மையானதாலோ குழாய் நயமானதாலோ இந்தச் சிகிச்சை பாதுகாப்பானதாகிவிடவில்லை. கையை வைக்கும் முன் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்ட காலங்களில் நோயாளிகள் பிழைத்தார்கள். கேட்காத காலங்களில், கருவி எவ்வளவு புதிதாக இருந்தபோதும், செத்தார்கள். இதுதான் என் வாதம்.

கிரேக்கத்தில் ஹிப்போக்ரட்டிஸ் பெயரால் தொகுக்கப்பட்ட மருத்துவ நூல்களிலிருந்து தொடங்கலாம். நெஞ்சில் சீழ் கட்டியவனை அசையாத இருக்கையில் உட்கார வைத்து, ஒருவர் கைகளைப் பிடித்துக்கொள்ள, வைத்தியர் தோளைப் பற்றிக் குலுக்கி, எந்தப் பக்கம் சலசலப்புக் கேட்கிறது என்று காது கொடுப்பார். இன்னொரு முறை, நைஸாகக் குழைத்த ஈர மண்ணில் துணியை நனைத்து நெஞ்சைச் சுற்றிப் போர்த்துவது. எந்த இடம் முதலில் உலர்கிறதோ அங்கே உள்ளே சூடு அதிகம், அங்கேதான் கீற வேண்டும். கீறும் விதத்திலும் அதே கவனம். முதலில் அகலக் கத்தியால் தோலைப் பிளந்து, பிறகு கூர்க்கத்தியைத் துணியால் சுற்றி, கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு மட்டும் முனை வெளியே தெரிய விட்டு உள்ளே செலுத்தச் சொல்கிறார்கள். அந்தத் துணிச் சுற்றுக்கு ஒரே வேலைதான்: கை எவ்வளவு வேகமாகப் போனாலும் கத்தி நகத்தளவுக்கு மேல் இறங்காது. கொஞ்சம் சீழை வடித்துவிட்டு, நூல் கட்டிய துணித்திரியால் துளையை அடைத்து, நாளுக்கு ஒருமுறை திறந்து வடித்து, பத்தாம் நாள்தான் மிச்சத்தை முழுவதும் எடுப்பார்கள். அதன் பிறகு வெதுவெதுப்பான திராட்சை மதுவும் எண்ணெயும் செலுத்திக் கழுவுவதும், கடைசியில் தகரத்தால் ஆன குழாயை வைத்துப் புண் ஆற ஆற அதைக் குறுக்கி எடுப்பதும் சொல்லப்பட்டிருக்கின்றன. சீழோ நீரோ ஒரேயடியாக வெளியேறினால் நோயாளி பிழைப்பதில்லை என்ற எச்சரிக்கையும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது.

அவர்கள் சொன்ன காரணங்கள் பல தவறு. மண் உலர்வதை வைத்துச் சீழின் இடத்தை நிச்சயமாகச் சொல்ல முடியாது. குலுக்கினால் சலசலப்பது நீரோடு காற்றும் சேர்ந்திருக்கும்போது மட்டுமே. நீர் மட்டும் நிறைந்த நெஞ்சு சத்தமே போடாது. இவ்வளவு பிழையுள்ளவர்களை எப்படி முன்னோடிகள் என்று கொண்டாடுவது என்று கேட்கலாம். அவர்களுடைய விடைகளுக்காக அல்ல, கேள்விகளுக்காக என்பதே என் பதில். எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று அவர்கள் கேட்டார்கள். நம் பக்கத்திலும் இதற்கு இணை ஒன்று உண்டு, நெஞ்சில் அல்ல, வயிற்றில். மகோதரத்துக்கு வயிற்றைத் துளைத்து நீர் எடுக்கச் சொல்லும் சுஸ்ருத சம்ஹிதை, அதை ஒரே நாளில் எடுக்கக் கூடாது, நாட்களை விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறது. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன என்றால், இரண்டுமே அவசரத்தின் விலையைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். நெஞ்சில் அதன் உடற்செயல் காரணம் பிற்பாடுதான் தெளிந்தது. நாட்கணக்கில் நசுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரியும்போது, அதன் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து நுரையீரலுக்குள்ளேயே நீர் இறங்கிவிடும். நீரை வடித்த சிறிது நேரத்தில் நோயாளி இருமி இருமி நுரையாகத் துப்பத் தொடங்கி, சில சமயம் இறந்தும் போவார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு மருத்துவர்கள் இதை எழுதிவைக்கத் தொடங்கினார்கள்.

இடையில் கழிந்த நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டலாம். கத்தி இருந்தது, கீறுபவர்களும் இருந்தார்கள். நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து அறியும் வழிதான் வளரவில்லை. 1761-இல் வியன்னாவின் ஸ்பானிய மருத்துவமனையில் பணியாற்றிய லியோபோல்ட் அவுன்பிரக்கர், நெஞ்சை விரல் நுனியால் தட்டிப் பார்க்கும் முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். சத்திரம் நடத்தியவரின் மகன் அவர். பீப்பாயைத் தட்டி உள்ளே எதுவரை சரக்கு நிற்கிறது என்று கண்டுகொள்வதைச் சிறுவயதில் பார்த்ததுதான் இதற்கு வித்து என்று வழிவழியாகச் சொல்வார்கள். காற்றிருக்கும் நெஞ்சு முழங்கும். நீர் நிற்கும் இடம் கட்டையைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். 1808-இல் நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் கொண்டுவரும் வரை பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்து, நீரின் மேல்மட்டத்தில் நோயாளியின் குரல் ஆட்டுக்குரல்போல நடுங்கிக் கேட்பதை விவரித்தார். எங்கே என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை வந்தது அப்போதுதான்.

ஆனால் துளைப்பதற்குப் பயம் போகவில்லை. பாரிஸின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் துப்யுய்த்ரான் 1835-இல் நெஞ்சில் நீர் கோத்து இறந்தார். துளைத்து எடுக்க மறுத்துவிட்டு, அறுவை மருத்துவரின் கையால் சாவதைவிடக் கடவுளின் கையால் சாவதே மேல் என்று அவர் சொன்னதாக மருத்துவ உலகில் பேசப்படும். அவர் அப்படிச் சொல்லாமலே இருந்திருந்தாலும் அன்றைய நிலவரம் அதுதான். தடித்த ட்ரோக்காரைக் குத்தி, அதாவது குழாய்க்குள் ஊசி வைத்த கருவியைச் செலுத்தி, ஊசியை உருவினால், நோயாளி மூச்சை இழுக்கும் கணத்தில் அந்தக் குழாய் வழியே காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். நெஞ்சு ஒரு துருத்தி. அது விரிவதற்காக உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். துருத்தியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டால் ஊதுவாய் வழியே வரவேண்டிய காற்று ஓட்டை வழியே வரும். இங்கே அது நுரையீரலைச் சுருட்டிவிடும், அழுக்கையும் கூடவே கொண்டுவரும். லியோன் நகரத்து அறுவை மருத்துவர் ரெய்பார் இதற்கு ஒரு வழி கண்டார். குழாயின் வெளிமுனையில் விலங்குக் குடலிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை நனைத்து, பை போலக் கட்டித் தொங்கவிட்டார். நீர் வரும்போது சவ்வு விலகி வழிவிடும். மூச்சு இழுக்கும்போது ஈரச்சவ்வு ஒட்டிக்கொண்டு காற்றை மறிக்கும். இவ்வளவுதான் கருவி. 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஹெய்ம்லிக் உருவாக்கிய ரப்பர் வால்வு வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1850-இல் நடந்ததை நான் இந்த வரலாற்றின் நடுப்பக்கமாக வைப்பேன். கேம்பிரிட்ஜ் நகர மருத்துவர் மோரில் வைமன், மெல்லிய சோதனை ட்ரோக்காரை ஓர் உறிஞ்சு பம்ப்போடு இணைத்தார். ஊசி சிறியது, வழி மூடியது, நீர் பம்ப்புக்குள் வரும், காற்று நெஞ்சுக்குள் போகாது. பாஸ்டனின் ஹென்றி இங்கர்சால் பவுடிச் இதைக் கண்டதும் பற்றிக்கொண்டார். அடிமை முறைக்கு எதிராகத் தெருவில் நின்ற மனிதர் அவர். பிற்பாடு அந்த மாநிலப் பொதுச் சுகாதார வாரியத்தின் முதல் தலைவரும் ஆனார். நெஞ்சைத் துளைக்கச் சொல்லி முன்பே அறுவை மருத்துவர்களிடம் மன்றாடியிருந்தவருக்கு இந்தச் சின்ன ஊசி பெரிய விடுதலையாக இருந்தது. 1852-இல் தம் அனுபவங்களைத் தொகுத்து வெளியிட்டார்; அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். கருவியைச் செய்தவர் வைமன் என்பதை அவர் மறைக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தட்டியும் கேட்டும் நீரின் இடத்தை உறுதி செய்துகொண்டு, முதுகுப்புறம், விலா இடுக்கில் குத்துவது அவர் வழக்கம். நோயாளிக்கு நெஞ்சு இறுகினாலோ இருமல் வந்தாலோ மிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு ஊசியை எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணமும் இந்தக் காலத்தில்தான் வேர்பிடித்தது.

மெல்லிய ஊசி கெட்டிச் சீழுக்கு உதவாது. அதற்குக் குழாய் உள்ளேயே இருந்தாக வேண்டும். இன்று நம் ஊர் வார்டுகளில் ஐசிடி ட்யூப் என்று எல்லோரும் சொல்வது, ஹாம்பர்க் மருத்துவர் கோட்ஹார்ட் பியுலாவ் 1891-இல் வெளியிட்ட முறையின் வாரிசு. 1875-லிருந்தே அதைப் பயன்படுத்தி வந்ததாக அவர் எழுதினார். அதே பத்தாண்டில் இங்கிலாந்திலும் சிலர் இதே வழிக்கு வந்திருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே பாட்டில், அதில் தண்ணீர், நெஞ்சிலிருந்து வரும் குழாயின் நுனி தண்ணீருக்குள் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மூழ்கியிருக்கும். சீழ் இறங்கி வரும். வெளிக்காற்று மேலே போக வேண்டுமென்றால் நெஞ்சின் உயரத்துக்குத் தண்ணீர்க் கம்பத்தை ஏற்ற வேண்டும், மூச்சுக்கு அந்த வலு கிடையாது. குழாய்க்குள் நீர்மட்டம் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்குவதைப் பார்த்தே குழாய் அடைபடவில்லை என்று நர்ஸ் சொல்லிவிடுவார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது பாட்டிலை நோயாளியின் மடியில் வைத்துவிடக் கூடாது என்று வார்டில் புதிதாகச் சேருபவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் காரணம் இதுதான். பாட்டில் நெஞ்சுக்கு மேலே போனால் அதிலுள்ளது நெஞ்சுக்குள் திரும்பும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் 1918-இல் இளைஞர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். முதல் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவ முகாம்களில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தவர்களிடையே தட்டம்மை பரவியது. அதை அடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியாவும், நெஞ்சில் சீழும். விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து நெஞ்சை அகலத் திறந்து விடுவதே அன்று நடைமுறை. சீழ் கண்ட இடத்தில் கீறு என்பது அறுவை மருத்துவத்தின் பழைய விதி. கட்டிக்கும் சிலந்திக்கும் அது சரியான விதியும்கூட. சீழ் கட்டியவர்களில் சராசரியாக 100 பேருக்கு 30 பேர் இறந்தார்கள். சில முகாம்களில் நிலைமை இதைவிட மிகவும் மோசம். ராணுவம் ஒரு குழுவை அமைத்தது. அதில் இருந்த எவார்ட்ஸ் கிரஹாமும் ரிச்சர்ட் பெல்லும் வர்ஜீனியாவின் லீ முகாமில் நோயாளிகளைக் கவனித்தார்கள். நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். இடது, வலது என்று நெஞ்சு இரண்டு தனி அறைகள், ஒன்றைத் திறந்தால் மற்றது பாதிக்காது என்பதே அதுவரை பாடம். நடுவிலுள்ள திரை அசையும் திரை என்று அவர்கள் காட்டினார்கள்: ஒரு பக்கம் காற்று புகுந்து அழுத்தம் மாறினால் மறுபக்கத்திலும் ஏறக்குறைய அதே அளவு மாறுகிறது. நிமோனியாவால் ஏற்கெனவே பாதி மூச்சில் இருப்பவனுக்கு நெஞ்சைத் திறந்தால் இரண்டு நுரையீரலும் சேர்ந்தே சுருங்கும். எனவே ஆரம்பத்தில் திறக்காதே, ஊசியால் மீண்டும் மீண்டும் நீரை எடுத்து மூச்சைக் காப்பாற்று. சீழ் கெட்டியாகி, நுரையீரல் விலாச்சுவரோடு ஒட்டிக்கொண்ட பிறகு திற. அதுவரை நோயாளிக்கு நன்றாகச் சாப்பாடு கொடு என்றார்கள். லீ முகாமில் இறப்பு 100-க்கு 5-க்கும் கீழே வந்தது.

ஆன்டிபயாடிக் வந்ததுதான் உண்மையான திருப்பம், மற்றதெல்லாம் மருத்துவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதை என்று ஒரு தரப்பு வாதிடும். பென்சிலின் பல்லாயிரம் உயிர்களைக் காத்ததை யார் மறுப்பார்கள்? காசநோய் நீருக்கு இன்று மாத்திரைதான் சிகிச்சை. ஊசி பரிசோதனைக்கும், மூச்சுத்திணறலைத் தணிக்கவும் மட்டுமே. ஆனால் லீ முகாமின் கணக்கு 1918-இன் கணக்கு. பென்சிலின் மருந்தாக நோயாளிகளைச் சேர அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதே நோய், அதே வயதினர், ஒரு மருந்தும் கூடவில்லை. எப்போது திறப்பது, காற்றை எப்படி வெளியே நிறுத்துவது என்ற அறிவு மட்டுமே கூடியது. அப்படியென்றால் அதற்கு முந்தைய அறுவை மருத்துவர்கள் எல்லாம் முட்டாள்களா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இல்லை. அவர்கள் அமைதிக் காலத்தில் அதிகம் கண்டது நிமோகாக்கஸ் கிருமியின் சீழை. அது சீக்கிரம் கெட்டியாகும், நுரையீரலும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது நெஞ்சைத் திறந்தால் நோயாளி தாங்குவார். முகாமில் வந்த கிருமி வேறு, அதன் நீர் தண்ணீர்போல மெலிந்தது, ஒட்டுதல் இன்னும் வரவில்லை. ஒரு நோயில் பலித்த கை அடுத்த நோயில் கொன்றது.

இதைப் பொறுமையின் வெற்றி என்று எடுத்துக்கொள்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கிரஹாம் காத்திருக்கச் சொன்னது திறப்பதற்கு மட்டும்தான், ஊசி போடுவதற்கு அல்ல. நிமோனியாவோடு நீர் சேர்ந்தால் அதை அன்றைய பொழுது சாய்வதற்குள் சோதித்துவிட வேண்டும் என்று 1989-இல் அமெரிக்க நுரையீரல் மருத்துவர்கள் சாஹ்னும் ரிச்சர்ட் லைட்டும் வற்புறுத்தினார்கள், ஏனென்றால் தாமதித்தால் அது தனித்தனி அறைகளாகப் பிரிந்து சீழ்க் கூடாகிவிடும். இரண்டு அறிவுரையும் முரண்படுவதுபோலத் தோன்றும். எந்த நீர், எந்த நிலையில் என்று பார்த்துவிட்டு முடிவெடு என்பதே இரண்டும். லைட் 1972-இல் செய்ததும் அதையே: 150 நோயாளிகளின் நீரையும் ரத்தத்தையும் ஒப்பிட்டு, புரதமும் எல்டிஎச் என்ற நொதியும் எந்த விகிதத்தில் இருந்தால் அது அழற்சியின் நீர், எந்த விகிதத்தில் இருந்தால் இதயமோ சிறுநீரகமோ தளர்ந்ததால் கசிந்த நீர் என்று பிரித்துக் காட்டினார். இதயம் தளர்ந்து சேரும் நீருக்குப் பெரும்பாலும் மாத்திரை போதும், துளையே வேண்டாம். போடாத துளையைப் போலப் பாதுகாப்பானது வேறில்லை.

என் வாதத்துக்கு மிகக் கசப்பான சான்று அண்மைக் காலத்தில் இருக்கிறது. சுவீடனின் கதிரியக்க மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் ரத்தக் குழாய்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார்: ஊசி, அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய். துளையை அகலப்படுத்தும் டைலேட்டரும் சேர்ந்து அது பிற்பாடு நெஞ்சுக்கும் வந்தது. பெரிய வெட்டு வேண்டாம், தடித்த குழாய் வேண்டாம், பொட்டலத்தைப் பிரித்தால் எல்லாம் கையில். எளிதாகத் தெரிந்ததால் அனுபவமில்லாத கைகளும் நள்ளிரவில் தனியாகச் செய்யத் துணிந்தன. 2008 மே மாதத்தில் பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது: 2005 ஜனவரியிலிருந்து 2008 மார்ச் வரை நெஞ்சுக் குழாய் போட்டதில் 12 பேர் இறந்ததாகவும், 15 பேருக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டதாகவும் அதற்குத் தகவல் வந்திருந்தது. அது எடுத்துக்காட்டிய காரணங்கள் தவறான இடம், போதாத அனுபவம், மேற்பார்வை இல்லாமை, டைலேட்டரை அளவுக்கு மீறி உள்ளே தள்ளியது. நெஞ்சுக்குள் நீரின் அருகிலேயே இதயமும் கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன. அந்தப் பழைய கிரேக்க வைத்தியரின் கத்தியில் நகத்தளவு முனை விட்டுச் சுற்றிய துணி, இந்தப் புதிய டைலேட்டரில் இல்லை.

அடுத்து அல்ட்ராசவுண்ட் வந்தது, இனி என்ன கவலை என்பார்கள். நெஞ்சு நீரை ஒலியால் காண முடியும் என்று அமெரிக்க மருத்துவர் ஜாய்னர் 1967-லேயே காட்டிவிட்டார்; பிரிட்டிஷ் நெஞ்சக மருத்துவச் சங்கம் அதை உறுதியாக வலியுறுத்தியது 2010-இல். அதே ஆண்டில் 24 ஆய்வுகளையும் 6,605 ஊசிகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், 100-க்கு 6 பேருக்கு நெஞ்சில் காற்று புகுந்ததையும், ஸ்கேன் உதவியோடு செய்தால் அது குறைவதையும் கண்டார்கள். ஆக, இயந்திரம் உதவுகிறது, சந்தேகமில்லை. ஆனால் பிரிட்டிஷ் சங்கத்தின் அந்த 2010 நெறிமுறை இன்னொன்றையும் சொன்னது: ஸ்கேன் அறையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து நோயாளியை வார்டுக்கு அனுப்பி, அங்கே வேறொருவர் அந்தப் புள்ளியில் குத்துவது, நீர் மிக அதிகமாக இருந்தாலொழிய, கூடாது. உட்கார்ந்திருந்தவர் படுத்தால் நீர் நகரும், தோலும் நகரும். புள்ளி மட்டும் தோலோடு போகும். படம் எடுத்த கண்ணும் குத்தும் கையும் ஒரே கட்டிலருகில் இருந்தால்தான் படத்துக்குப் பொருள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2009-இல் வெளியிட்ட அனுபவமும் இதையே காட்டுகிறது. மருத்துவர்களுக்கு மாதிரி உடலில் பயிற்சி, ஸ்கேன், இந்த வேலையைச் சிலரிடம் மட்டும் ஒப்படைப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தபோது காற்று புகுவது 8.6 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாக இறங்கியது. தினமும் செய்யும் சிலரை விட்டுவிட்டு, எப்போதாவது செய்யும் பலரிடம் இந்த ஊசியைக் கொடுக்கும் எந்த மருத்துவமனையும் அந்த வித்தியாசத்தை நோயாளியின் தலையில் கட்டுகிறது.

எவ்வளவு எடுப்பது என்ற கேள்விதான் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஒரே அமர்வில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது பரவலான வரம்பு. நுரையீரல் திடீரென விரிந்து கசிவதைத் தவிர்க்க வைத்த எண் அது. நெஞ்சுக்குள் உள்ள அழுத்தத்தை அளந்துகொண்டே எடுத்தால் பாதுகாப்பாகப் போகலாமே என்ற யோசனை நியாயமாகவே வந்தது. 2019-இல் அமெரிக்காவில் 124 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நீரை எடுத்தார்கள். மற்றவர்களுக்கு அளவுமானி இல்லை, நெஞ்சு இறுகுகிறதா, இருமல் விடாமல் வருகிறதா என்று நோயாளியையே கவனித்து எடுத்தார்கள். நெஞ்சு வலியில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இன்றும் நீர் எடுக்கும் மேசையில், நோயாளி தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருக்க, பின்னால் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை இறக்கிவிட்டு, பாட்டிலைப் பார்த்தபடியே, நெஞ்சு பிடிக்கிறதா, சொல்லுங்கள் என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறார்.